சத்தம் வரும் வழியைத் தேடும் வேலை

கேள்வி:

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். வயது 27. நான்கு ஆண்டுகளாகக் கட்டடங்களுக்கு ஏசி டிசைன் செய்யும் நிறுவனம் ஒன்றில் டக்ட் (ஏசி காற்று போகும் தகரக் குழாய்) கணக்குப் போடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு புராஜெக்ட் கூட்டத்துக்கு ஒலியியல் ஆலோசகர் ஒருவர் வந்தார். எங்கள் டிராயிங்கில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இந்த அறையில் பேசுவது பக்கத்து அறையில் கேட்கும்" என்றார். நடுவில் நல்ல கனமான சுவர் இருந்தது. ஆனால் இரண்டு அறைக்கும் ஒரே டக்ட்டிலிருந்து கிளை போனது. அதைப் போட்டது நான்தான். அன்றிலிருந்து இந்த வேலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு தொழிலுக்கு உண்மையிலேயே ஆள் எடுக்கிறார்களா? மறுபடி கல்லூரிக்குப் போக வேண்டுமா? எனக்கு இசை தெரியாது. இடது காது வேறு கொஞ்சம் மந்தம். நான் இதற்கு வரலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

வரலாம். "அதைப் போட்டது நான்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை இரண்டு முறை படித்தேன். தன் டிராயிங்கில் இருந்த குறையை இன்னொருவர் நாலு பேர் முன்னால் சொன்ன பிறகும், அது எப்படி நடக்கிறது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

முதலில் அந்த டக்ட்டை முடித்துவிடுவோம். காற்று டக்ட்டுக்குள் விநாடிக்கு நாலைந்து மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதனால் காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது ஒலிக்கு ஒரு பொருட்டே இல்லை. காற்றோடும் போகும், காற்றை எதிர்த்தும் போகும். ஓர் அறையில் ஏசி காற்று வரும் கிரில் வழியாக உள்ளே ஏறும் பேச்சு, சில மீட்டர் தகரத்தைக் கடந்து அடுத்த அறையின் கிரில் வழியாக இறங்கிவிடும். வெறும் தகர டக்ட் பேச்சொலியைக் குறைப்பது மிகவும் சொற்பம். கிளைகளைத் தனித்தனியாகப் பிரதான டக்ட்டிலிருந்து எடுப்பது, உள்பக்கம் ஒலி உறிஞ்சும் லைனிங் கொடுப்பது, நடுவில் ஒன்றிரண்டு வளைவு வைப்பது, இடம் இருந்தால் ஒரு சைலன்சர் போடுவது: இதில் ஏதாவது ஒன்றைத்தான் அந்த ஆலோசகர் எழுதிக் கொடுத்திருப்பார். ஃபேன் அழுத்தம், காற்றின் வேகம், டக்ட்டின் அளவு எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இந்த வேலைக்குப் புதிதாக வரும் இயற்பியல் பட்டதாரிக்கு அதைக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு வருடம் ஆகும்.

அந்த ஆலோசகர் அன்று செய்ததுதான் இந்தத் தொழிலின் சாரம். சுவர் கனமாக இருக்கிறது என்று எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் சத்தம் வேறு எந்த வழியாகப் போகும் என்று பார்த்தார். ஒலிக்கு ஒரு மூலம் இருக்கிறது, அது போய்ச் சேரும் ஒரு காது இருக்கிறது, நடுவில் வழி இருக்கிறது. நமக்குச் சோறு போடுவது அந்த நடுவில் இருக்கும் வழி.

ஒரு சின்னக் கணக்கு. 2.1 மீட்டர் உயரம், 0.9 மீட்டர் அகலமுள்ள ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சோதித்து 40 டெசிபல் தடுக்கும் என்று சான்று பெற்ற நல்ல கதவு. அதை மாட்டும்போது கீழே 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளியின் பரப்பு, கதவின் பரப்பில் அரை சதவீதம்கூட வராது. ஆனால் அந்தக் கதவு இப்போது தடுப்பது சுமார் 23 டெசிபல்தான். மீதி 17 டெசிபல் அந்தக் கீழ் இடுக்கில் போய்விட்டது. 10 டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் காதுக்குத் தோன்றும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கதவை இன்னும் கனமாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. இடுக்கை அடைக்க வேண்டும், அவ்வளவுதான். சுவருக்கும் இதே கதைதான். எடையை இரட்டிப்பாக்கினால் ஒற்றைச் சுவர் கூடுதலாகத் தடுப்பது ஆறு டெசிபலுக்குள். ஆனால் ஒரு சுவிட்ச் பாக்ஸ் சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் பொருந்தியிருந்தாலோ, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சுவர் ஸ்லாப் வரை போகாமல் நின்றிருந்தாலோ, போட்ட எடையெல்லாம் வீண்.

இன்னொரு குழப்பத்தை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் வாழ்நாள் முழுக்க இதை விளக்கிக்கொண்டே இருக்கப்போகிறீர்கள். உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கிறது என்று சுவரில் ஸ்பாஞ்ச் ஒட்டுகிறவர்கள் உலகெங்கும் உண்டு. ஸ்பாஞ்ச், ராக்வூல், துணி போர்த்திய பேனல் எல்லாம் அறைக்குள் இருக்கும் ஒலி திரும்பத் திரும்ப அடித்து வருவதைக் குறைக்கும். அறை இதமாகும், பேச்சு தெளிவாகும். ஆனால் சுவரைத் தாண்டி வரும் ஒலியை அந்த இலேசான பொருள் நிறுத்தாது. அதற்கு எடை வேண்டும், இடைவெளி விட்ட இரட்டை அடுக்கு வேண்டும், காற்றுப் புகாத மூட்டு வேண்டும். அறைக்குள் உறிஞ்சும் பரப்பை இரண்டு மடங்காக்கினாலும் உள்ளே ஒலி அளவு குறைவது 3 டெசிபல்தான். இதைப் பொறுமையாக, எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்தவர் நல்ல ஆலோசகர்.

சரி, வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டீர்கள். எடுக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் "ஒலியியல்" என்ற பெயர்ப்பலகையின் கீழ் இல்லை. தனி ஒலியியல் ஆலோசனை நிறுவனங்கள் சிறியவை. ஐந்து பேர், பத்துப் பேர் இருப்பார்கள். பெரிய கட்டட ஆலோசனை நிறுவனங்களுக்குள் ஒரு பிரிவாக இருப்பார்கள். சைலன்சர், ஜிப்சம் போர்டு, கண்ணாடி, அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் தயாரிப்பவர்களின் ஆய்வகங்களில் இருப்பார்கள். சாலை, ரயில், விமான நிலையம் வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதுகிறவர்களிடம் இருப்பார்கள். தொழிற்சாலைகளில் தொழிலாளர்களின் காதைப் பாதுகாக்கும் பணியில் இருப்பார்கள். மருத்துவமனை, பள்ளி, ஸ்டுடியோ, டேட்டா சென்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தேவை உண்டு. கச்சேரி அரங்கம் வடிவமைப்பது இந்தத் தொழிலில் மிகச் சிறிய பங்கு. அந்தக் கனவோடு மட்டும் வருகிறவர்கள் இரண்டே வருடத்தில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். பம்ப் அறையும் டக்ட்டும் பிடித்தவர்கள் நிலைக்கிறார்கள்.

பம்ப் அறை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் தொழிலுக்கு வந்த இரண்டாவது ஆண்டு. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருந்த பெரியவர் ஒருவர், இரவில் தூங்க முடியவில்லை என்று புகார் கொடுத்திருந்தார். அவர் படுக்கையறைக்கு நேர் கீழே பம்ப் அறை. இரவு பதினொன்றரை மணிக்கு மீட்டரோடு போனேன். அறையின் நடுவே ஸ்டாண்டை நிறுத்தி அளந்தேன். 28 டெசிபல் ஏ, அதாவது காது கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய டெசிபல். உலக சுகாதார நிறுவனம் 1999-ல் படுக்கையறைக்குச் சொன்ன வழிகாட்டி அளவு 30. "வரம்புக்குள் இருக்கிறது" என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். பெரியவர் அதைப் படித்துவிட்டு, "நம்பர் சரியாத்தான் இருக்கும் தம்பி, ஆனா எனக்கு இது தலையணைக்குள்ள கேட்குது" என்றார்.

என் மேலதிகாரி அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நீ அந்தத் தலையணையில் காது வைத்துப் பார்த்தாயா?"

அடுத்த இரவு மறுபடி போனேன். கட்டிலில் தலை சாய்த்தேன். 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகல். எழுந்து அறைக்குள் நடந்தால் மூலையில் கூடுகிறது, நடுவில் அடங்குகிறது. முதல் நாள் நான் மீட்டரை நிறுத்தியது, அந்த ஒலி மிகவும் அடங்கியிருந்த இடத்தில். மீட்டரை, ஒலியை அதிர்வெண் வாரியாக மூன்றிலொரு ஆக்டேவ் என்ற குறுகிய பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும்படி மாற்றினேன். 160 ஹெர்ட்ஸ் பட்டை மட்டும் மற்றவற்றுக்கு மேலே ஊசி மாதிரி நின்றது. கீழே பம்ப் நிமிடத்துக்கு 1,450 சுற்று, அதாவது விநாடிக்கு 24 சுற்றுக்குச் சற்று மேல். பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தில் ஆறு இறக்கை. பெருக்கினால் 145 ஹெர்ட்ஸ், அந்தப் பட்டைக்குள் வந்து விழுகிறது. மனிதக் காதைப் போல நடிக்கும் 'ஏ' கணக்கு, இந்த அதிர்வெண்ணில் 14 டெசிபல் அளவுக்குக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அந்த ஒற்றை எண்ணுக்குள், பெரியவருக்குக் கேட்ட முனகல் காணாமல் போயிருந்தது.

பம்ப் ஸ்பிரிங் மேல்தான் நின்றது. டிராயிங்கில் கேட்டபடி 25 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங். அப்படிப்பட்ட ஸ்பிரிங்கின் இயல்பு அதிர்வெண், அதாவது அது தானாக ஆடும் வேகம், 3 ஹெர்ட்ஸ் சொச்சம்தான். அதை விடப் பல மடங்கு வேகமான பம்ப்பின் அதிர்வு ஸ்பிரிங்கைத் தாண்டித் தரைக்கு இறங்கவே கூடாது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். பம்ப் நிற்கும் கான்கிரீட் மேடைக்கும் தரைக்கும் நடுவே, பின்பக்க மூலையில், கைப்பிடி அளவுக்கு ஒரு சிமென்ட் கட்டி. மேடையை வார்த்தபோது வழிந்து உறைந்திருக்கிறது. ஸ்பிரிங் அசைய இடமே இல்லை. அதிர்வு முழுக்க அந்தக் கட்டி வழியாகத் தரைக்கும், தூணுக்கும், சுவருக்கும், கடைசியில் பெரியவரின் கட்டிலுக்கும் ஏறிக்கொண்டிருந்தது. உளியும் சுத்தியலுமாக ஒருவர் பத்து நிமிடத்தில் அதைத் தட்டி எடுத்தார். மாடிக்குப் போய்க் கட்டிலில் தலை வைத்தேன். முனகல் இல்லை.

அந்த முதல் அறிக்கையை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் அதைத்தான் முதலில் படிக்கக் கொடுக்கிறேன்.

அதனால் என் அபிப்பிராயம் இது: முதல் இரண்டு ஆண்டு அளவீட்டு வேலை பாருங்கள். சாஃப்ட்வேர் அப்புறம். ஓடியன், ஈஸ், காட்னா, சவுண்ட்பிளான் என்று நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன. கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவை நீங்கள் கொடுக்கும் வழிகளைத்தான் கணக்கிடும். சிமென்ட் கட்டியை நீங்கள் மாடலில் வரையாவிட்டால் அது அங்கே இல்லை. சைட்டில் நூறு இரவுகள் நின்ற பிறகு மாடலைத் திறப்பவருக்கும், நேராக மாடலில் இறங்குபவருக்கும் அறிக்கையிலேயே வித்தியாசம் தெரியும்.

அளவீடு என்றால் மீட்டரை நீட்டுவது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன்னும் பின்னும், 94 டெசிபல் ஒலி தரும் காலிப்ரேட்டரை மைக்கில் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். மாடித் தரையில் நடக்கும் சத்தம் கீழே எவ்வளவு கேட்கிறது என்று பார்க்க ஒரு தட்டும் இயந்திரம் உண்டு. அரை கிலோ எடையுள்ள ஐந்து சுத்தியல்கள், 40 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து, விநாடிக்குப் பத்துத் தட்டு என்று விழுந்துகொண்டே இருக்கும். அதை மாடியில் ஓடவிட்டுக் கீழே அறையின் பல இடங்களில் அளக்க வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்பதை ஐஎஸ்ஓ 16283 என்ற தரநிலை சொல்கிறது. கிடைத்த எண்களை ஒரே மதிப்பாகச் சுருக்குவது ஐஎஸ்ஓ 717. இந்த இரண்டையும் வரிவரியாகப் படியுங்கள். வெளியில் அளக்கும்போது காற்று பலமாக அடித்தால் மைக் காற்றைத்தான் அளக்கும். பக்கத்தில் நாய் குரைத்தால் அந்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நின்ற இடம், கதவு திறந்ததா மூடியதா, எந்த இயந்திரம் ஓடியது, இதெல்லாம் எழுதாத எண்ணை ஆறு மாதம் கழித்து எவரும் நம்ப மாட்டார்கள். நீங்களே நம்ப மாட்டீர்கள்.

இரவு வேலை அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னணிச் சத்தம் குறைந்தால்தான் தேடும் சத்தம் கிடைக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் மற்றவர்கள் கிளம்பிய பிறகுதான் நமக்கு அமைதி கிடைக்கும்.

27 வயதில் தொடங்கலாமா என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரை அறையில், பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று ஆனபோது, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவருக்கும் அப்போது 27 வயது. ஒலியியலில் அவர் நிபுணர் இல்லை. அந்தக் காலியான அறையில் ஒரு ஒலி அடங்க ஐந்தரை விநாடிக்கு மேல் ஆனது. ஓர் ஆர்கன் குழாய், நேரம் குறிக்க ஒரு கருவி, தன் காது. இவற்றோடு அவர் இரவுகளில் வேலை பார்த்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கூட்டி, எத்தனை மெத்தைக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அளந்தார். தான் போட்டிருக்கும் உடையும் ஒலியை உறிஞ்சுகிறது என்று தெரிந்ததும், அதுவரை எடுத்த அளவீடுகளை ஒதுக்கிவிட்டு, ஒரே உடையில் மறுபடி எடுத்தார். அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம், அதாவது ஒலி அடங்க ஆகும் நேரம், கிடைக்கும் என்று இன்று நாம் எழுதும் சூத்திரம் அங்கிருந்துதான் வந்தது. அதை வைத்துத்தான் 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு அவர் ஆலோசனை சொன்னார். நான் சொல்ல வருவது அந்த மெத்தைகளைத்தான். கற்றுக்கொள்ளும் முறை இன்றும் அதுவே: ஒன்றை மாற்று, அள, எழுதி வை.

படிப்பு விஷயத்தில் உடனே வேலையை விட்டுக் கல்லூரிக்குப் போகச் சொல்ல மாட்டேன். முதலில் உங்கள் நிறுவனத்திலேயே இரைச்சல் கணக்குகளைக் கேட்டு வாங்குங்கள். யாரும் விரும்பிச் செய்யாத வேலை அது, கொடுத்துவிடுவார்கள். பிறகு முதுநிலைப் படிப்பு வேண்டுமென்று தோன்றினால் இங்கிலாந்தில் சவுதாம்ப்டன், சால்ஃபோர்ட், டென்மார்க்கின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அமெரிக்காவில் பென் ஸ்டேட் போன்ற இடங்கள் இதற்குப் பெயர் பெற்றவை. வேலையில் இருந்துகொண்டே படிக்க, இங்கிலாந்தின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அக்கூஸ்டிக்ஸ் அமைப்பின் டிப்ளமோ இருக்கிறது. சம்பளம் தொடக்கத்தில் மற்ற கட்டட இன்ஜினியர்களைப் போலத்தான். உங்கள் கையெழுத்தை நம்பி ஓர் அறிக்கையை ஏற்றுக்கொள்ளும் நிலை வந்த பிறகு மாறும். அதற்கு ஏழெட்டு ஆண்டு பிடிக்கலாம்.

இதில் மனசு சோர்கிற இடமும் உண்டு. நம் பேச்சு எடுபடாத நாட்கள். நியூயார்க் லிங்கன் சென்டரில் 1962-ல் திறந்த பில்ஹார்மோனிக் ஹாலுக்கு லியோ பெரனெக் ஆலோசகர். இந்தத் துறையில் அவரை விடப் பெரிய பெயர் அன்று அதிகம் இல்லை. ஆனால் டிசைன் நடக்கும்போதே இருக்கைகளைக் கூட்டச் சொன்னார்கள், அரங்கின் வடிவம் மாறியது. திறந்ததும் ஒலி சரியில்லை என்று விமர்சனம். 1976-ல் உள்பக்கத்தை முழுக்க இடித்துக் கட்டினார்கள். 2022-ல் இன்னொரு முறை. அரங்கமோ அலுவலகமோ, முடிவு எடுக்கும் கூட்டத்தில் நாம் இல்லாவிட்டால் இதுதான் நடக்கும். அதனால் எழுத்தும் பேச்சும் உங்களுக்குக் கணக்கு அளவுக்கு முக்கியம். "எஸ்டிசி 50 தேவை" என்று, சுவர் எவ்வளவு ஒலியைத் தடுக்கும் என்பதற்கான எண்ணை மட்டும் எழுதினால் கட்டடக்கலைஞர் தாண்டிப் போய்விடுவார். "மருத்துவர் நோயாளியிடம் சொல்வது வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கும்" என்று எழுதினால் நின்று படிப்பார்.

இசை தெரியாதது ஒரு குறையே இல்லை. அரங்க வேலைக்குப் போனால் இசைக்கலைஞர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைப் புரிந்துகொள்ளப் பழகலாம்.

காது பற்றி: முதலில் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவு என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அறிக்கைக்குப் போகும் எண்களை மீட்டர் தருகிறது. காது நமக்கு வழி காட்ட உதவுகிறது. ஒரு பக்கம் மந்தமாக இருந்தால், சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்வது மற்றவர்களை விடச் சிரமமாக இருக்கும். அதற்கு நீங்கள் தலையைத் திருப்பித் திருப்பி, இடம் மாறி மாறிக் கேட்பீர்கள். பெரியவர் வீட்டில் நான் முதல் நாளே அதைச் செய்திருந்தால் ஒரு தவறான அறிக்கை குறைந்திருக்கும். அதோடு, காது சரியாகக் கேட்காதவர்களுக்கு எதிரொலிக்கும் வகுப்பறையில் பாடம் கேட்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கட்டாயம்: ஜெனரேட்டர் அறையிலோ தொழிற்சாலையிலோ அளக்கப் போனால் காதடைப்பான் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், இரண்டு நிமிட வேலையாக இருந்தாலும். இருக்கும் கேள்திறனைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த வாரமே தொடங்க ஒரு வேலை தருகிறேன். உங்கள் அலுவலகத்தின் மீட்டிங் அறைக்குள் ஒரு நண்பரை உட்காரவைத்து, சாதாரணக் குரலில் ஏதாவது படிக்கச் சொல்லுங்கள். கதவை மூடிவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். கதவின் கீழ், கண்ணாடி ஓரம், சுவிட்ச் பாக்ஸ், சீலிங் ஓரம், கிரில் என்று நல்ல காதை ஒவ்வோர் இடமாகக் கொண்டுபோங்கள். எங்கே வார்த்தை புரிகிறது, எங்கே வெறும் முணுமுணுப்பு, எங்கே ஒன்றுமில்லை என்று பிளான் வரைபடத்தில் குறியுங்கள். பிறகு ஒவ்வோர் இடுக்காக மடித்த துணியாலோ மாஸ்கிங் டேப்பாலோ அடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். அந்த வரைபடத்தையும் குறிப்புகளையும் எனக்கு அனுப்புங்கள். எந்த வழியை விட்டுவிட்டீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.